காயில்ட் டியூபிங் கொண்டு கிணற்று மணலைக் கழுவுவது எப்படி

எண்ணெய்க் கிணற்றின் உற்பத்தி படிப்படியாக இறங்குகிறது. ஸ்லிக்லைன் என்ற மெல்லிய கம்பியை இறக்கிப் பார்த்தால், எண்ணெய் உள்ளே வரும் பெர்ஃபரேஷன் துளைகளுக்கு மேலேயே தட்டி நிற்கிறது. அடியில் மணல் ஏறிவிட்டது என்று அர்த்தம். வொர்க்ஓவர் ரிக் (கிணற்றைப் பழுதுபார்க்கும் கோபுரம்) கொண்டுவந்து சரிசெய்யலாம். ஆனால் அதற்கு முதலில் கிணற்றைக் கனமான திரவத்தால் அடக்க வேண்டும், பிறகு டியூபிங்கை, அதாவது எண்ணெய் மேலே வரும் உட்குழாயை, உருவ வேண்டும். இத்தனையும் செய்து முடித்தபின் கிணறு பழையபடி பாயும் என்று யாரும் கையெழுத்துப் போட்டுத் தர மாட்டார்கள். காயில்ட் டியூபிங் யூனிட் வந்தால் கிணற்றை அடக்கவே வேண்டாம். ரீலில் சுற்றிய, மூட்டே இல்லாத எஃகுக் குழாய் (சுருக்கமாகக் காயில்), அழுத்தத்தோடு இருக்கும் கிணற்றுக்குள் அப்படியே இறங்கும். இறங்கும்போதும் ஏறும்போதும் பம்பை நிறுத்தத் தேவையில்லை.

குழாயைச் சுற்றிக் கொண்டுபோகும் யோசனை பழையது. 1944இல் ஆங்கிலக் கால்வாய்க்கு அடியில் நேச நாடுகள் எரிபொருள் குழாய் பதித்தபோது, 3 அங்குல எஃகுக் குழாயை மிதக்கும் பெரிய உருளைகளில் சுற்றிக் கொண்டுபோய் அவிழ்த்தார்கள். கிணற்று வேலைக்கான யூனிட் 1962இல் அமெரிக்காவில் வந்தது. கலிஃபோர்னியா ஆயில் நிறுவனமும் போவன் டூல்ஸும் சேர்ந்து செய்தது. அதற்குக் கிடைத்த வேலையும் மணல் அடைப்பைக் கழுவுவதுதான். இன்றும் காயில் அதிகம் ஓடும் வேலைகளில் இது ஒன்று. அதனால் இங்கே மணல் கழுவுதலை முழுதாகப் பார்ப்போம். அமிலம் விடுவது, நைட்ரஜனால் கிணற்றைப் பாய வைக்கும் நைட்ரஜன் லிஃப்ட், அடைப்பை அரைத்தெடுக்கும் மில்லிங் எல்லாவற்றுக்கும் அடிப்படை இதிலேயே வந்துவிடும்.

அளவுகள் பற்றி ஒரு வார்த்தை. ஆழம் மீட்டரில், குழாய் விட்டம் அங்குலத்தில், அழுத்தம் பிஎஸ்ஐ-யில் (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு), இழுவிசை பவுண்டில், பம்ப் வேகம் லிட்டரில் எழுதியிருக்கிறோம். களத்தில் பேச்சு இப்படிக் கலவையாகத்தான் இருக்கிறது.

கணக்கு முதலில்

ஒரு கிணற்றை வைத்துக்கொள்வோம். செங்குத்துக் கிணறு. 7 அங்குலக் கேஸிங் (கிணற்றின் வெளிச்சுவர்க் குழாய்), உள்விட்டம் 6.184 அங்குலம். 3½ அங்குல டியூபிங், உள்விட்டம் 2.992 அங்குலம், 1,900 மீட்டர் வரை. பெர்ஃபரேஷன் 2,000 மீட்டர் வாக்கில். மணல் மட்டம் 1,960 மீட்டர். 2,050 மீட்டர் வரை சுத்தம் செய்ய வேண்டும். மூடிய நிலையில் கிணற்றுத் தலை அழுத்தம் 1,000 பிஎஸ்ஐ, 2,000 மீட்டரில் எண்ணெய் தரும் பாறை அடுக்கின் அழுத்தம் 3,000 பிஎஸ்ஐ.

காயில்: 1½ அங்குல வெளிவிட்டம், 0.109 அங்குலச் சுவர்த் தடிமன், 80 கிரேடு (சதுர அங்குலத்துக்கு 80,000 பவுண்டில் நீளத் தொடங்கும் எஃகு), மொத்த நீளம் 3,500 மீட்டர். கேபினில் ஒட்டி வைக்க வேண்டிய எண்கள் இவை:

- காயிலின் உள்கொள்ளளவு: மீட்டருக்கு 0.83 லிட்டர், முழுக் காயிலுக்கு 2,900 லிட்டர்
- காயிலுக்கும் டியூபிங்குக்கும் நடுவில் உள்ள வளைய இடைவெளி, அதாவது அன்யுலஸ்: மீட்டருக்கு 3.4 லிட்டர்
- காயிலுக்கும் கேஸிங்குக்கும் நடுவில்: மீட்டருக்கு 18.2 லிட்டர்
- காயிலின் எடை: மீட்டருக்கு 2.4 கிலோ
- காயில் நீளத் தொடங்கும் இழுவிசை: 38,100 பவுண்டு, நாம் தொடக்கூடிய எல்லை அதில் 80 சதவீதம், அதாவது 30,500 பவுண்டு

நிமிடத்துக்கு 160 லிட்டர், ஏறக்குறைய ஒரு பேரல், தண்ணீர் தள்ளுகிறோம் என்று கொள்வோம். 3,500 மீட்டர் காயிலுக்குள் உராய்வுக்கு மட்டும் 1,600 முதல் 2,000 பிஎஸ்ஐ போகும். கிணற்றுக்குள் 500 மீட்டர்தானே இறங்கியிருக்கிறது என்று நினைக்கக் கூடாது; ரீலில் சுற்றிக் கிடக்கும் பகுதியையும் தண்ணீர் தாண்டித்தான் வருகிறது, சுற்றில் உராய்வு இன்னும் அதிகம். பம்ப் வேகத்தை இரட்டித்தால் உராய்வு மூன்றரை மடங்கு ஏறும்.

இப்போது முக்கியமான கணக்கு. அந்த 160 லிட்டர் தண்ணீர், டியூபிங் அன்யுலஸில் நிமிடத்துக்கு 47 மீட்டர் வேகத்தில் மேலேறும். அதே தண்ணீர் கீழே 7 அங்குலக் கேஸிங்கில் நிமிடத்துக்கு 8.8 மீட்டர்தான் ஏறும். 20/40 மெஷ் அளவு மணல் (20 மெஷ் சல்லடையில் இறங்கி 40 மெஷ்ஷில் தங்குவது) தண்ணீரில் நிமிடத்துக்குச் சுமார் 5 மீட்டர் கீழே இறங்கும். செங்குத்துக் கிணற்றில் திரவ வேகம் மணல் இறங்கும் வேகத்தைப் போல் இரண்டு மடங்காவது வேண்டும் என்பது களத்து வழக்கம். அந்தக் கணக்கில் 10 மீட்டர் வேண்டும், நம்மிடம் 8.8தான் இருக்கிறது. டியூபிங்குக்குள் எந்தக் கவலையும் இல்லை, கடைசி 150 மீட்டர்தான் சிக்கல்.

தீர்வு இரண்டு. ஒன்று, 2 அங்குலக் காயில் கேட்பது. அதில் 320 லிட்டர் தள்ளினாலும் உராய்வு இதைவிடக் குறைவுதான். கேஸிங்கில் வேகம் 18 மீட்டரைத் தாண்டும். ஆனால் 3,500 மீட்டர் காயில் மட்டுமே 14 டன், 1½ அங்குலத்தில் அது எட்டரை டன். கிரேன், சாலை, கிணற்றடி இடம் எல்லாவற்றையும் அதற்கேற்பப் பார்க்க வேண்டும். மற்றொன்று, இருக்கும் காயிலையே வைத்துக்கொண்டு ஜெல் கலந்த திரவத்தைத் தவணை தவணையாக அனுப்புவது. நம் எடுத்துக்காட்டுக்கு இது போதும். 1,000 லிட்டர் ஜெல் கேஸிங்கில் 55 மீட்டர் உயரத்துக்கு நிற்கும். மணலைப் பிடித்துக்கொண்டு டியூபிங் வாய் வரை கொண்டுவந்துவிடும், அதற்கு மேல் தண்ணீரே பார்த்துக்கொள்ளும்.

கழுவும் வேகத்தை யார் தீர்மானிப்பது

காயிலைச் சங்கிலியால் பிடித்து இறக்கி ஏற்றும் இஞ்செக்டர் நிமிடத்துக்கு 20 மீட்டர் இறக்கும். தளர்ந்த மணலில், தண்ணீர் பீய்ச்சும் முனையான நாசில் 3 மீட்டர் வேகத்தில் சுலபமாக இறங்கும். தொங்கும் எடையைக் காட்டும் வெயிட் இண்டிகேட்டர் அசையக்கூட அசையாது. ஆபரேட்டருக்கு வேலை ஜோராகப் போவதுபோல் தெரியும். கேஸிங்கில் ஒரு மீட்டர் மணல் 31 கிலோ. நிமிடத்துக்கு 3 மீட்டர் என்றால் 93 கிலோ மணலை 160 லிட்டர் தண்ணீரில் ஏற்றுகிறோம். லிட்டருக்கு 0.58 கிலோ. அந்தக் கலவை 2,000 மீட்டர் உயரத்துக்கு நின்றால் வெறும் தண்ணீரைவிட 840 பிஎஸ்ஐ அதிகமாக அடியை அழுத்தும். அடுக்கின் அழுத்தமோ 3,000. தண்ணீர்த் தூணே 2,845. மேலே வர வேண்டிய திரவம் அடுக்குக்குள் போகும். திரவம் போனால் மணல் அங்கேயே நிற்கும், காயிலைச் சுற்றி.

லிட்டருக்கு 0.12 கிலோ என்று வைத்தால் கூடுதல் அழுத்தம் 200 பிஎஸ்ஐதான். கிணறு ஏறக்குறையச் சமநிலையில் நிற்கும். அதற்குரிய இறங்கு வேகம் நிமிடத்துக்கு 0.6 மீட்டர். 90 மீட்டர் மணலைக் கழுவ இரண்டரை மணி நேரம். இந்த எண்ணை வேலைத்தாளில் பெரிதாக எழுதி ஆபரேட்டரிடம் கொடுங்கள். மணல் கழுவும் வேகத்தைத் தீர்மானிப்பது மேலே கொண்டுவரும் திறன்தான், தோண்டும் திறன் அல்ல. காயில் மாட்டிக்கொண்ட கதைகளைத் துருவினால் பெரும்பாலும் இந்த ஒரு இடத்தில்தான் வந்து நிற்கும்.

அடுத்தது நேரம். 2,050 மீட்டரிலிருந்து தண்ணீர் மேலே வர 9,200 லிட்டர், 57 நிமிடம். இதுதான் ஒரு பாட்டம்ஸ்-அப். ஆனால் மணல் தண்ணீரோடு சேர்ந்து வருவதில்லை. கேஸிங்கில் 150 மீட்டரைக் கடக்க அதற்குச் சுமார் 40 நிமிடம், டியூபிங்கில் இன்னும் 45 நிமிடம். ஆக மொத்தம் ஒன்றரை மணி நேரம் நெருங்கும். "ஒரு பாட்டம்ஸ்-அப் சுற்றியாகிவிட்டது, சுத்தம்" என்று காயிலைத் தூக்குபவர் கடைசி மணலை டியூபிங்குக்குள் விட்டுவிட்டுத்தான் வருகிறார்.

காயில் முனையில் என்ன கட்டுவது

மேலிருந்து கீழாக: கனெக்டர் (கருவிகளைக் காயிலோடு இணைப்பது), இரட்டை ஃபிளாப்பர் செக் வால்வு (திரவத்தைக் கீழ்நோக்கி மட்டும் விடும் இரண்டு மூடிகள்), பந்து போட்டுக் கழற்றும் டிஸ்கனெக்ட் (மாட்டிக்கொண்டால் கருவியை விட்டுவிட்டுக் காயிலை மீட்க), நாசில். மணல் வேலைக்கு இதற்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு கூடுதல் கருவியும் மாட்டிக்கொள்ள ஒரு கூடுதல் தோள்தான்.

செக் வால்வு இரண்டு இருப்பது, ஒன்றில் மணல் துகள் உட்கார்ந்து மூடாமல் போனால் மற்றது மூட வேண்டும் என்பதற்காக. ரீலில் எங்காவது ஓட்டை விழுந்தால் கிணற்று வாயு தரைக்கு வராமல் தடுப்பது இந்த இரண்டு ஃபிளாப்பர்கள்தான். அதனால் இதை எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவிட்டு இறங்கக் கூடாது. டிஸ்கனெக்ட்டுக்கான பந்து கனெக்டரையும் செக் வால்வையும் தாண்டுமா என்பதைத் தரையிலேயே கையால் போட்டுப் பாருங்கள். காயிலுக்குள்ளேயும் முன்கூட்டியே ஒரு பந்தைத் தண்ணீரோடு ஓட்டி மறுமுனையில் பிடித்துவிட வேண்டும். உள்ளே வெல்டுத் தையலின் பிசிறோ நசுங்கலோ இருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.

நாசிலில் முன்னோக்கிய துளைகள் கெட்டிப்பட்ட மணலை உடைக்கும். பின்னோக்கிய துளைகள் மேலே இழுக்கும்போது மணலைக் கிளப்பி விடும். முன்துளை மட்டும் உள்ள நாசிலோடு மணல் கழுவப் போவது அரை வேலை.

கனெக்டரைக் கட்டியதும் இழுத்துப் பார்க்க வேண்டும். இஞ்செக்டரில் இழு-தட்டு மாட்டி, வேலையில் வரக்கூடிய அதிகபட்ச இழுப்புக்கு மேல் ஆனால் காயிலின் 80 சதவீத எல்லைக்குக் கீழ் இழுத்து நிறுத்தி, பிறகு அழுத்தச் சோதனை. கனெக்டர் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்திருந்தாலும் வெட்டி எறிந்துவிட்டு மறுபடி கட்டுங்கள். டிஸ்கனெக்ட்டை இழுவைச் சோதனைக்குப் பிறகுதான் மாட்ட வேண்டும்.

பிஓபி: வரிசை தெரியாமல் கேபினில் உட்காராதீர்கள்

பிஓபி என்பது கிணறு கைமீறாமல் தலையில் அடைக்கும் கருவி, அதன் மூடும் கதவுகள்தான் ராம். நான்கு ராம் உள்ள பிஓபியில் மேலிருந்து கீழே பிளைண்ட், ஷியர், ஸ்லிப், பைப். பிளைண்ட், காயில் இல்லாதபோது துளையை மூடும். ஷியர் காயிலை வெட்டும். ஸ்லிப் காயிலைப் பல்லால் பிடித்துத் தொங்கவிடும். பைப் ராம் காயிலைச் சுற்றி அழுத்தத்தை அடைக்கும். ஷியருக்கும் ஸ்லிப்புக்கும் நடுவே கில் லைன் (கிணற்றை அடக்கும் திரவத்தைத் தள்ளும் குழாய்) வாய் இருக்கிறது. அதன் வழியாக ரிட்டர்ன் (மேலே திரும்பி வரும் திரவம்) எடுக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. கூடாது. மணல் அந்த வாயை அரித்துவிடும், அல்லது ராம் குழிகளில் நிரம்பிவிடும். அவசரத்தில் ராம் மூடாது. ரிட்டர்ன், பிஓபிக்குக் கீழே வைக்கும் ஃபுளோ-டீ என்ற பக்கவாய் வழியாகத்தான் போக வேண்டும்.

சோதனையில் முதலில் குறைந்த அழுத்தம், 250 முதல் 300 பிஎஸ்ஐ, ஐந்து நிமிடம். பிறகு எதிர்பார்க்கும் அதிகபட்சத் தலை அழுத்தத்துக்கு மேல், பத்து நிமிடம். குறைந்த அழுத்தச் சோதனையில் கை தவறி 800 பிஎஸ்ஐ ஏறிவிட்டது, உடனே 300க்கு இறக்கிவிட்டோம் என்றால் அந்தச் சோதனை செல்லாது. ரப்பர் ஏற்கெனவே அழுந்தி உட்கார்ந்துவிட்டது. குறைந்த அழுத்தத்தில் ஒழுகியிருக்குமா என்பது இனித் தெரியாது. முழுவதும் இறக்கிவிட்டு மறுபடி ஏற்றுங்கள்.

ஸ்ட்ரிப்பரும் (பிஓபிக்கு மேலே காயிலைச் சுற்றி இறுகும் ரப்பர் அடைப்பு) பைப் ராமும் தாங்காமல் கிணறு கைமீறினால் செய்ய வேண்டியது இந்த வரிசையில்:

1. காயில் அசைவை நிறுத்து. ஓடும் காயிலில் ஸ்லிப்பை மூடினால் பல் காயிலைக் கீறிவிடும்.
2. ஸ்லிப் ராம், பிறகு பைப் ராம். ஸ்லிப் எடையைத் தாங்குகிறதா என்று பார்.
3. பம்பை நிறுத்து, ஷியர் ராமால் வெட்டு.
4. மேலே உள்ள துண்டை பிளைண்ட் ராமுக்கு மேல் வரும்வரை இழு.
5. பிளைண்ட் ராமை மூடு.
6. கில் லைன் வழியாக, வெட்டிய காயிலின் வாய்க்குள் கனத் திரவத்தைத் தள்ளு.

கில் லைன் ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்பது ஆறாவது வரியில் விளங்கும். செக் வால்வு கீழ்நோக்கிப் போக விடும், மேலே வர விடாது. தொங்கும் காயிலே கிணற்றை அடக்கும் குழாயாகிவிடுகிறது. மூடிய ராமைத் திறக்கும் முன் இரண்டு பக்கமும் அழுத்தத்தைச் சமப்படுத்த மறக்கக் கூடாது.

இறங்குதல்

தலை அழுத்தம் 1,000 பிஎஸ்ஐ இருக்கும்போது 1½ அங்குலக் காயிலை அது 1,770 பவுண்டு விசையோடு வெளியே தள்ளும். ஸ்ட்ரிப்பர் உராய்வு 500 பவுண்டு சேர்த்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் காயிலின் எடை இதற்கு ஈடாகாது. இஞ்செக்டர்தான் உள்ளே திணிக்கிறது. தண்ணீர் நிரம்பிய காயில் 300 முதல் 400 மீட்டர் இறங்கிய பிறகே தன் எடையால் தொங்கும். அதுவரை சங்கிலியின் அடிக்கும் ஸ்ட்ரிப்பருக்கும் நடுவில் உள்ள தாங்கலில்லாத துண்டு வளைந்துவிடும் ஆபத்து உண்டு. மெதுவாக இறக்குங்கள். ஸ்ட்ரிப்பரைத் தேவைக்கு மேல் இறுக்காதீர்கள். ஒழுக்கு நின்றதும் போதும்.

கிணற்றுத் தலை வால்வுகளைத் தாண்டும்போது நிமிடத்துக்கு 2, 3 மீட்டர். டியூபிங்கில் 15 முதல் 20. நிப்பிள் (டியூபிங்கில் கருவி உட்காரும் குறுகல்), சேஃப்டி வால்வு (அவசரத்தில் கிணற்றை உள்ளேயே மூடுவது), டியூபிங் வாய் ஆகியவற்றுக்கு 30 மீட்டர் முன்னும் பின்னும் 5 மீட்டருக்கு மேல் வேண்டாம். சேஃப்டி வால்வைத் திறந்து வைத்திருக்கும் ஹைட்ராலிக் லைனில் ஆள் அல்லது பூட்டு கட்டாயம். அது பாதியில் மூடினால் காயிலும் போச்சு, வால்வும் போச்சு.

ஒவ்வொரு 300 மீட்டருக்கும் நிறுத்தி, 5 மீட்டர் மேலே இழுத்து எடையைக் குறிக்க வேண்டும். இந்தக் குறிப்புகள்தான் பிற்பாடு "இழுவை கூடியிருக்கிறதா" என்ற கேள்விக்குப் பதில். ஒப்பிட எண் இல்லாவிட்டால் இண்டிகேட்டர் காட்டுவது வெறும் எண்தான். இரண்டு ஆழக் கவுண்டர் இருந்தால் இரண்டையும் பாருங்கள். எண்ணெய் பட்ட சக்கரம் வழுக்கும், காட்டும் ஆழம் உண்மையைவிடக் குறைவாக இருக்கும்.

கழுவுதல்

1,930 மீட்டரில் நின்று, முழு வேகத்தில் பம்ப் செய்து, ரிட்டர்ன் சீராக வருகிறதா, உள்ளே போகும் அளவும் வெளியே வரும் அளவும் பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தாமல் மணலைத் தொடக் கூடாது. மாற்று பம்ப் சூடாக, லைனில் இணைத்த நிலையில் இருக்கட்டும்.

பிறகு 3 மீட்டர் வேகத்தில் இறங்கி மணல் மட்டத்தை மெல்லத் தொடுங்கள். 500 பவுண்டு குறைந்ததும் நிறுத்தி, தூக்கி, ஆழத்தைக் குறித்து, 0.6 மீட்டர் வேகத்தில் தொடங்கலாம். பத்து மீட்டர் கழுவினால் 300 கிலோ மணல். ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் நாசிலை அதே பத்து மீட்டர் மேலே இழுத்துப் பார்க்க வேண்டும், எடை முன்பு குறித்ததைப் போல் இருக்கிறதா என்று. முப்பது மீட்டர் ஆனதும் 1,000 லிட்டர் ஜெல் அனுப்பி, இறங்காமல், ஆனால் காயிலை மேலும் கீழுமாக நகர்த்திக்கொண்டே நாற்பது நிமிடம் சுற்றுங்கள். அதற்குள் அந்த மணல் டியூபிங்குக்குள் ஏறிவிடும்.

ரிட்டர்ன் லைனில் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை வாளியில் பிடித்து, தெளியவிட்டு, அடியில் உள்ள மணலைக் கையில் எடுத்துத் தேயுங்கள். உருண்டையான, ஒரே அளவான, கண்ணாடிபோல் மினுங்கும் துகள் என்றால் ஃபிராக்கில் (அழுத்தத்தால் பாறையில் விரிசல் போடும் வேலையில்) போட்ட மணல் திரும்பி வருகிறது. மங்கலான, களிமண் ஒட்டிய நுண்மணல் என்றால் அடுக்கே உதிர்கிறது. இன்று கழுவினாலும் சில மாதத்தில் மறுபடி நிரம்பும், மணல் திரை போடுவதைப் பற்றிக் கிணற்று உரிமையாளரிடம் பேச வேண்டும். கணக்குப்படி வர வேண்டிய மணலில் பாதிதான் வருகிறதென்றால் இறங்குவதை அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். மீதிப் பாதி எங்கேயோ சுற்றிக்கொண்டிருக்கிறது.

ரிட்டர்ன் லைனில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் சோக் மணலால் அரிபட்டுப்போகும். இரண்டு சோக் உள்ள மேனிஃபோல்டு வைத்து மாற்றி மாற்றி ஓட்டுவது நல்லது. வந்த தண்ணீரை மறுபடி பம்புக்கு அனுப்புவதாக இருந்தால் இரண்டு தொட்டித் தெளிவுக்குப் பிறகுதான். மணல் கலந்த தண்ணீர் பம்பையும் கெடுக்கும், நாசிலையும் அடைக்கும்.

பம்ப் நின்றால்? யோசிக்க நேரமில்லை, உடனே மேலே இழு. கழுவல் ஒரு மணி நேரம் நடந்த பிறகு டியூபிங் அன்யுலஸில் மட்டும் 700 கிலோவுக்கு மேல் மணல் மிதந்துகொண்டிருக்கும். அது நிமிடத்துக்கு 5 மீட்டர் வேகத்தில் இறங்கத் தொடங்கும். டியூபிங்குக்கும் காயிலுக்கும் நடுவே எங்காவது அணைபோல் தங்கினால் 130 மீட்டர் உயரத்துக்கு அடைத்துக்கொள்ளும். மாற்று பம்ப் பிடிக்கும்வரை காயில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். "இரண்டு நிமிடத்தில் சரியாகிவிடும்" என்று மெக்கானிக் சொல்வதை நம்பி நிற்கக் கூடாது.

தண்ணீர் தாங்காத கிணறு, சாய்ந்த கிணறு

அடுக்கின் அழுத்தம் 2,000 பிஎஸ்ஐதான் என்றால் தண்ணீர்த் தூணே அதைவிடக் கனம். அப்போது நைட்ரஜன். தண்ணீரோடு கலந்து அனுப்பலாம், அல்லது நுரையாக்கலாம். நுரையில் வாயுவின் பங்கு 65 முதல் 85 சதவீதம் வரை இருந்தால் மணலை நன்றாகத் தூக்கும், அதற்கு மேல் போனால் நுரை உடைந்து பனிபோலாகிவிடும். காற்றைப் பயன்படுத்தாமல் நைட்ரஜனைத் தேடுவதற்குக் காரணம் எளிது: கிணற்றில் ஹைட்ரோகார்பன், காற்றில் ஆக்சிஜன். திரவ நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரி. சாதாரண எஃகுத் தளத்தில் கொட்டினால் எஃகு விரிசல் விடும், ஒரு லிட்டர் ஏறக்குறைய 700 லிட்டர் வாயுவாகும். பள்ளமான இடத்தில், மூடிய கேபினருகில் வைக்கக் கூடாது.

சாய்வு 30 முதல் 60 டிகிரி வரை உள்ள பகுதிதான் மோசமானது. மணல் அடிச்சுவரில் படிந்து, பிறகு மொத்தமாகச் சரிந்து கீழே வரும். அங்கே கனமான ஜெல்லைவிட மெல்லிய திரவத்தை வேகமாகச் சுழற்றி, பின்னோக்கிய நாசிலோடு காயிலை மெதுவாக இழுத்துக்கொண்டே வருவது பலன் தரும். கிடைமட்டத்தில் இன்னொரு எல்லை: காயிலைத் தள்ளத் தள்ள அது முதலில் பாம்பாக நெளியும், பிறகு சுருளாகும், ஒரு கட்டத்தில் மேலே எவ்வளவு தள்ளினாலும் முனை நகராது. உராய்வு குறைக்கும் திரவம், அதிர்வு கொடுக்கும் கருவி ஆகியவை இன்னும் கொஞ்ச தூரம் தரும். அவ்வளவுதான்.

துளையிடுதலிலும் இதே கட்டுப்பாடு. காயிலைச் சுழற்ற முடியாது என்பதால் பிட்டைச் சுழற்ற அடியில் மோட்டார், திசை திருப்ப ஓரியண்டர் வேண்டும். ஆனால் மூட்டு போட நிறுத்த வேண்டியதில்லை, அழுத்தம் ஏறி இறங்காது. அதனால்தான் அலாஸ்காவின் புருடோ பே களத்தில் 1990களிலிருந்து பழைய டியூபிங் வழியாகவே இறங்கி, குழாய்ச் சுவரில் ஜன்னல் வெட்டிப் பக்கக் கிளைகளைத் தோண்டுகிறார்கள். ஷார்ஜாவின் சாஜா வாயுக் களத்தில் அடுக்கின் அழுத்தத்துக்குக் கீழே நின்று தோண்டியதும் காயிலால்தான்.

மாட்டிக்கொண்டால்

முதலில் இழுக்காதீர்கள். ரிட்டர்ன் வருகிறதா? வந்தால் பம்பைத் தொடருங்கள், கீழ்நோக்கித் தள்ளிப் பாருங்கள். பல நேரம் நாசில் கீழே நகரும், மேலே வராது. ரிட்டர்ன் நின்றுவிட்டது, பம்ப் அழுத்தம் ஏறுகிறது என்றால் மணல் காயிலைச் சுற்றி மேலே அடைத்திருக்கிறது. அன்யுலஸில் அழுத்தம் ஏற்றி இறக்கி அடைப்பைத் தளர்த்தப் பாருங்கள்.

எங்கே பிடித்திருக்கிறது என்பதை நீட்சியால் அளக்கலாம். இந்தக் காயிலை 10,000 பவுண்டு கூடுதலாக இழுத்தால் 1,000 மீட்டருக்கு 70 சென்டிமீட்டர் நீளும். அதே 10,000 பவுண்டு இழுத்து, ஸ்ட்ரிப்பருக்கு மேலே பெயிண்ட்டால் போட்ட குறி 1.1 மீட்டர் நகர்ந்தால் பிடி 1,570 மீட்டரில், அதாவது டியூபிங்குக்குள். அடியில் பிடித்ததென்று நினைத்து டிஸ்கனெக்ட் பந்து போட்டால் அங்கே ஒரு பயனும் இல்லை.

30,500 பவுண்டைத் தாண்டக் கூடாது. அந்த எல்லைக்குள்ளும் ஒரே இடத்தில் மேலும் கீழும் எத்தனை முறை ஆட்டுகிறோம் என்று எண்ணுங்கள். கூஸ்நெக்கில் (ரீலிலிருந்து வரும் காயிலை இஞ்செக்டருக்குள் திருப்பும் வளைவில்) இருக்கும் அதே சில மீட்டர்தான் ஒவ்வொரு முறையும் வளைந்து நிமிர்கிறது. ஆட்டும்போது காயில் அழுத்தத்தைக் குறைத்து வையுங்கள்.

காயிலின் ஆயுள்

80 கிரேடு எஃகில் 1½ அங்குலக் குழாய் நிரந்தரமாக மடங்காமல் வளைய, வளைவின் ஆரம் 7 மீட்டருக்கு மேல் வேண்டும். கூஸ்நெக்கின் ஆரம் 72 அங்குலம், இரண்டு மீட்டருக்கும் குறைவு. ரீல் அதைவிடச் சிறியது. ஆக ஒவ்வொரு முறையும் காயில் எஃகின் மீள்திறன் எல்லையைப் பல மடங்கு தாண்டி வளைகிறது: ரீலிலிருந்து நிமிர்ந்து, கூஸ்நெக்கில் வளைந்து, மறுபடி நிமிர்ந்து கிணற்றுக்குள், திரும்பும்போது இதே மூன்றும் தலைகீழாக. ஒரு பயணத்துக்கு ஆறு முறை. கட்டுக்கம்பியை மடக்கி மடக்கி ஒடிப்பதில் நடப்பதுதான் இதுவும். உள்ளே அழுத்தம் இருக்கும்போது வளைத்தால் ஆயுள் வேகமாகக் கரையும், காயில் பருக்கவும் செய்யும். எனவே அழுத்தம் தேவைப்படாத நேரத்தில், முக்கியமாக நீண்ட தூரம் இறக்கும்போது, பம்பைச் செக் வால்வு திறக்கும் அளவுக்கு மட்டும் ஓட்டுங்கள்.

ஒரே ஆழத்தில் கழுவும் வேலைகளையே அடுத்தடுத்துச் செய்தால் காயிலின் ஒரே 150 மீட்டர் மட்டும் தேயும். மீதி புதிதாகவே இருக்கும். அதனால்தான் சில வேலைகளுக்கு ஒரு முறை முனையில் 20, 30 மீட்டரை வெட்டி எறிகிறார்கள்: தேய்ந்த பகுதி கூஸ்நெக்கிலிருந்து விலகும். களத்தில் செய்த பட் வெல்டு (இரண்டு முனைகளை நேராக வைத்துப் பற்றவைத்த இடம்) எங்கே இருக்கிறது என்பதும் தாளில் இருக்க வேண்டும். அந்த இடத்தின் ஆயுளை மற்ற இடத்தில் பாதிக்கும் கீழாக வைத்துக் கணக்கிடுவது வழக்கம்.

பம்ப் வேகம் ஒரே நிலையாக இருந்தும் பம்ப் அழுத்தம் திடீரென விழுந்தால், அல்லது ரீலில் புகைபோல் தண்ணீர் தெறித்தால் ஊசித் துளை. பம்பை நிறுத்தி, காயில் அழுத்தத்தை இறக்கி, செக் வால்வு பிடிக்கிறதா என்று பாருங்கள். பிடித்தால் காயிலை மெதுவாக மேலே எடுக்கலாம். அந்தத் துளையை மறுபடி கிணற்றுக்குள் அனுப்பக் கூடாது. பிடிக்காவிட்டால் மேலே சொன்ன வரிசைதான். ரீலுக்கும் கூஸ்நெக்குக்கும் நடுவில் காயில் போகும் பாதைக்குக் கீழே யாரும் நிற்கக் கூடாது என்பதை இந்த நேரத்தில் கத்திச் சொல்ல வேண்டியிருக்கக் கூடாது, கயிறு கட்டிவிடுங்கள்.

வேலை முடிந்ததும் முழுக் காயிலையும் நல்ல தண்ணீரால் இரண்டு மடங்கு கொள்ளளவு அலசுங்கள். அமிலம் போயிருந்தால் சோடா சாம்பல் கரைசல் ஒரு முறை, பிறகு தண்ணீர். கடைசியில் நைட்ரஜனால் ஊதி உலர்த்த வேண்டும். இதை விட்டுவிட்டால் ஒவ்வொரு சுற்றின் அடியிலும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி, ஒரே கோட்டில் வரிசையாகத் துருக்குழி விழும். அடுத்த ஊசித் துளை அங்கேதான் பிறக்கும். வெளிவிட்டத்தை நான்கைந்து இடத்தில், ஒவ்வொரு இடத்திலும் இரண்டு திசையில், காலிப்பரால் அளந்து, ஓடிய மீட்டர், பம்ப் அழுத்தம், வெட்டிய நீளம் ஆகியவற்றோடு அந்தக் காயிலுக்கான ஸ்ட்ரிங் பதிவேட்டில் எழுதிவிட்டு ரீலைக் கட்டுங்கள்.